காலி டேங்க்

மழைக்காலம் முடிந்ததும் மீட்புப் படகின் டீசலை வடித்து, டேங்கைக் காலியாக வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதிகாரி வெங்கடேஸ்வரனின் உத்தரவு இது. டீசல் திருட்டுப் போய்விடுமாம். யமுனைக் கரைப் படகுத்துறையில் மெக்கானிக்காக இருந்த ஜம்புவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"காலியா வெச்சா டில்லிக் குளிருக்கு உள்ளாற வேர்க்கும் சார். அந்தத் தண்ணி அடியில தங்கி டேங்கையே அரிச்சிடும். ரொப்பி வெக்கணும்."

"மோதி பாக் வீட்லேர்ந்து நான் வந்து காவல் காக்கட்டுமாய்யா? ரூல்னா ரூல்தான்."

மூன்று குளிர்காலம் டேங்க் காலியாகவே கிடந்தது. புது டேங்க் கேட்டு ஜம்பு வருஷாவருஷம் எழுதிப் போட்டான். 'போதிய காரணம் இல்லை' என்று காகிதம் திரும்பி வந்தது. காரணம் டேங்குக்குள்ளேயே இருந்தது; எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

எழுபத்தெட்டு செப்டம்பரில் யமுனை ஊருக்குள் புகுந்தது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த ஜம்புவின் அக்கா முத்தம்மா, கரையோரக் குடிசையின் கூரைமேல் ஏறி நின்றாள். அவள் முகம் தெரியும் தூரத்துக்கு ஜம்பு ஏறிய படகு வந்தபோது இஞ்சின் இருமி நின்றது. ஃபில்டர் கிண்ணத்தில் பாதிக்குமேல் தண்ணீர். வடித்து, பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றிக் கிளப்பினான், நின்றது. மறுபடி வடித்தான், மறுபடியும் நின்றது. அந்த வெள்ளத்தின் வேகத்துக்குத் துடுப்பு எந்த மூலைக்கு? ஆறு படகை இழுத்துக்கொண்டு போயிற்று. அவன் நிமிர்ந்து பார்த்தபோது கூரையும் இல்லை, அக்காவும் இல்லை.

ஒரே மாதத்தில் புது டேங்க் வந்துவிட்டது. இப்போது காரணம் போதிய அளவுக்கு இருந்தது போலும். ஜம்புதான் பழையதைக் கழற்றினான். கவிழ்த்ததும் செங்காவிச் சேறு கொட்டியது. கையிலிருந்த ஸ்பேனரை யார் மண்டையிலாவது போடலாம் போலிருந்தது, போடவில்லை. பைப்பைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, புது டேங்கை முடுக்கி, வாய்வரை டீசல் ஊற்றினான்.

வெங்கடேஸ்வரன் வந்து பார்த்தார். "அச்சா, பிரமாதம். சீசன்தான் முடிஞ்சுடுத்தே. வடிச்சுட்டுப் பூட்டிடு."

"மாட்டேன் சார்."

"திருட்டுப் போச்சுன்னா?"

"டீசல்தானே சார் போகும்."

வெங்கடேஸ்வரன் ஸ்டோர் ஆளைக் கூப்பிட்டு, டீசலை வடிக்கக் காலி டின்களை எடுத்துவரச் சொன்னார்.