பம்பு நின்ற பத்து நிமிடம்

அந்தத் தவளையினம் ஒரே ஒரு மலைக்காட்டில், ஒரே ஒரு ஓடையில்தான் இருந்தது. மண்சரிவு ஓடையையே மூடிவிட்டபின் மிஞ்சியது ஆய்வுக்கூடத் தொட்டியில் ஓர் ஆண் தவளையும் அதன் பதினொரு தலைப்பிரட்டைகளும்தான். தாய் முட்டையிட்ட கையோடு செத்துப்போனது. பதினொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவள் பராமரிப்பாளர்.

ஓடைத் தவளைக் குஞ்சுக்கு ஓடும் தண்ணீர்தான் மூச்சு. பம்பு அதிக நேரம் நின்றால் கதை முடிந்தது. அதனால் அவளே ஒரு சட்டம் போட்டிருந்தாள்: பம்பை நிறுத்துகிறவர் தன் வண்டிச் சாவியை சுவிட்சில் மாட்ட வேண்டும். சாவியில்லாமல் யார் எங்கே போய்விட முடியும்? மாட்ட மறந்த ஆய்வுக்கூட இயக்குநரையே ஒருமுறை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்.

அன்று தவளையின் குரலைப் பதிவு செய்ய ஒலிப்பதிவாளர் வந்திருந்தார்.

"பம்பு சத்தம் இடிக்குதும்மா. பத்து நிமிஷம் நிறுத்தலாமா?"

"பத்து நிமிஷம் தாங்கும் சார்."

அவள் ஸ்கூட்டர் பழுதுபார்க்கப் போயிருந்தது. காலையில் கணவன்தான் கொண்டுவந்து விட்டான். மாட்டச் சாவியில்லை. நான்தான் பக்கத்திலேயே நிற்கிறேனே என்று நிறுத்தினாள்.

தவளை தொண்டையை உப்பிக்கொண்டு ஆறு முறை கத்தியது. இதுவரை யாரும் இத்தனை தெளிவாகக் கேட்காத குரல். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கிடைச்சிடுச்சும்மா!" என்று அவர் துள்ளினார். சந்தோஷத்தில் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அவர் காரிலேயே சாப்பிடப் போனார்கள். அவள் இரண்டாவது ஐஸ்கிரீம்கூட வாங்கினாள்.

திரும்பும்போது மணி மூன்று. கதவைத் திறந்தால் அறையில் பம்பு சத்தமே இல்லை. ஓடிப்போய் பம்பைப் போட்டாள். தண்ணீர் பாய்ந்ததும் பதினொன்றும் புரண்டன. உயிர் வந்துவிட்டது என்று ஒரு கணம் நம்பினாள், பாவி.

இயக்குநர் வந்து பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "கரண்ட் போச்சுன்னு எழுதிடும்மா. இதுங்களுக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும்," என்றார்.

"வேண்டாம் சார். நான்தான் நிறுத்தினேன்."

பதிவேட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தொட்டிக்குள் ஆண் தவளை கல்லின்மேல் ஏறிப் பின்னங்காலை நீட்டி ஆட்டியது. துணையைக் கூப்பிடும் சைகை அது. அதற்குப் பதில் சொல்ல உலகத்தில் இனி ஒரு தவளையும் இல்லை. அவள் வாய்விட்டு அழுதாள்.

இந்த இனத்துக்கு ஆயுள் எட்டு வருடம். இதற்கு வயது இரண்டு. இன்னும் ஆறு வருடம் தினமும் அவள் இதன் முகத்தில் விழிக்க வேண்டும்.