தொப்பிக்குள் அந்தோனியார்

கிறிஸ்ரி தன் தலையில் தானே அடித்துக்கொள்ளும் சத்தம் கொட்டாஞ்சேனையில் அந்தச் சந்துக்கே பழக்கம். பதினேழு வயது. பேச்சு வராது, கை மட்டும் உலக்கை. அந்த அடி நின்றால் போதும் என்று தாய் பிறிஜெற் வைக்காத நேர்த்திக்கடன் இல்லை.

"காந்தத்தால மூளையைத் தூண்டிப் பாப்பம். ஓட்டிசத்துக்கு இது இன்னும் ஆராய்ச்சிதான், சுகமாகும் எண்டு சொல்லமாட்டன்," என்றார் வெள்ளவத்தை டொக்டர் கிருபாகரன். அவள் புருஷன் நோபேட்டின் காதில் முதல் பாதிதான் ஏறியது.

தலைக்குக் கிட்ட உலோகம் கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பிறிஜெற் மகனின் சங்கிலியைக் கழற்றினாள், பெல்ட்டைக்கூட உருவினாள். ஆனால் கொச்சிக்கடைக் கோயிலில் ஆசீர்வதித்த அந்தோனியார் பதக்கத்தை யாராவது உலோகம் என்பார்களா? சிகிச்சையின்போது போடவேண்டிய தொப்பியை, முன்னமே போட்டுப் பழகட்டும் என்று டொக்டர் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்; அந்தத் துணித்தொப்பிக்குள் அதை வைத்துத் தைத்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது அப்படித்தான்.

சிகிச்சை நாளில், அந்தத் தொப்பியின் மேல் காந்த இயந்திரம் டக் டக் என்று அடிக்கத் தொடங்கிச் சற்று நேரத்தில் கிறிஸ்ரி அலறினான். தட்டு மேசையை உதைத்துச் சாய்த்தான். பிடிக்க வந்த தகப்பனின் மணிக்கட்டைக் கடித்தான். இரத்தம் வந்தது.

"நிப்பாட்டுவம், விடுங்கோ," என்று டொக்டர் கையை நீட்டினார்.

"சத்தத்துக்குப் பயந்து நடிக்கிறான், டொக்டர்!" நோபேட் அவரைத் தள்ளிவிட்டான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு. மகனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வாயில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

பிறிஜெற்றுக்கு அலறல் கேட்டதுமே விளங்கிவிட்டது. புருஷனின் கைக்குப் பயந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாவி! இரண்டாவது அறைக்குத்தான் வாய் திறந்தாள்.

"நிப்பாட்டுங்கோ! தொப்பிக்குள்ள அந்தோனியார் இருக்கிறார்!"

டொக்டர் பாய்ந்து நிறுத்தினார். அவள் தொப்பியைப் பிய்த்தெடுத்தாள். உச்சந்தலையில் வட்டமாக ஒரு சூட்டுக் காயம், சிவந்து கொப்பளித்திருந்தது.

"நீயடி! நீதான் என்ர பிள்ளையைச் சுட்டனீ!" நோபேட் விட்ட அறையில் அவள் சுவரில் மோதினாள். அறை வலிக்கவில்லை. அவன் சொன்னது உண்மை என்பதுதான் வலித்தது.

கிறிஸ்ரி தலையில் அடிக்கத் தொடங்கினான். ஒவ்வோர் அடியும் அந்தக் காயத்திலேயே விழுந்தது.

அவள் ஊர்ந்துபோய் அந்த இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தோடு சேர்த்தாள்.

"அம்மாவுக்கு அடி, ராசா. அம்மாவுக்குத்தான் அடிக்கவேணும்."

அவன் அடித்தான். உதடு கிழிந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.