இராக்கம்மாவின் டின்

சனிக்கிழமை அளக்கிற அரிசி புதன்கிழமை இரவோடு தீர்ந்துவிடும். கூப்பன் புத்தகத்தில் ஏழு நாளைக்கென்று வெட்டிக்கொள்வார்கள். பானையில் ஐந்து நாளைக்குத்தான் வேகும். மீதி இரண்டு நாளும் கோதுமை மா ரொட்டி. தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எட்டு லயத்திலும் இதே கதைதான். "நம்ம வயிறு பெருசு" என்று சிரித்துக்கொண்டு போனார்களே தவிர, அளக்கிற கொத்து சிறிசு என்று ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறப்பார்கள்? தோட்டத்துக் கடை இராமையா அப்படிப்பட்ட ஆள். பெரிய கங்காணியின் மருமகன், நெற்றி நிறையத் திருநீறு. கொத்தில் அரிசியைக் கோலித் தலைதட்டிக் கொட்டிவிட்டு, அதற்குமேல் ஒரு பிடி அள்ளிப் போடுவார். "புள்ளைங்க சாப்பிடட்டும்" என்பார். கூடவே இரண்டு வெற்றிலை சும்மா. அந்த ஒரு பிடிக் கொசுறைப் பார்த்துப் பெண்டுகளுக்கு மனசு குளிர்ந்துவிடும். அளந்ததற்கு மேலே அள்ளிப் போடுகிறவனா நம்மை ஏமாற்றுவான்? பாவிகள், பிடியைத்தான் பார்த்தார்கள், கொத்தைப் பார்க்கவில்லை.

இராக்கம்மாவும் பார்த்திருக்க மாட்டாள். மகள் பாக்கியலெட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கண் திறந்தது. ஏழாம் மாதம் அவளுக்கு. ரொட்டியை வாயில் வைத்தால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. சோறு மட்டும்தான் தங்கும். புருசன் வீடு இருந்த எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவள் கூப்பன் புத்தகம் மாறி வர ஒரு மாதம் இழுத்தது. அந்த ஒரு மாதம் தாய் தன் பங்கைப் போட்டுவிட்டு வெறும் தேத்தண்ணியோடு கொழுந்தெடுக்கப் போனாள். புத்தகம் வந்த பிறகும் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மகள் சுருண்டு கிடந்தாள். அந்த இரண்டு நாளைக்கும் சோறு வேண்டும். இராக்கம்மாவுக்கு வேறு ஆசை இல்லை.

அவளிடம் ஒரு டின் இருந்தது. தோட்டத் துரையின் பங்களாவில் தூக்கிப் போட்ட பால் டின். நாலு பால் டின் ஒரு கொத்து என்பது ஊரறிந்த கணக்கு. மற்ற வீடுகளில் சிரட்டைதான் அளவு. டின் வைத்திருந்தவள் இவள் ஒருத்தி. ஒரு சனிக்கிழமை கடையில் அளந்த ஒரு கொத்து அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்து டின்னால் அளந்து பார்த்தாள். கொசுறோடு சேர்த்தே மூன்றேகால் டின். திரும்ப அளந்தாள். அதே மூன்றேகால்.

மறுநாள் ஞாயிறு. டின்னை முந்தானையில் முடிந்துகொண்டு விடியவே டவுனுக்கு நடந்தாள். வழியில் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கக் கடை. வரிசையில் நின்ற சிங்களப் பொம்பளை ஒருத்தி இவள் சைகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாங்கிய ஒரு கொத்து அரிசியை டின்னால் அளக்க விட்டாள். சுத்தமாக நாலு டின். ஆனால் புத்தகத்தை அங்கே பதியக் கேட்டதும் சங்க மனேஜர் கையை விரித்துவிட்டார். கிராமத்து ஆட்களுக்கு மட்டும்தானாம்.

அங்கிருந்து பதுளை பஜார். மொஹிதீன் ஸ்டோர்ஸ் என்றால் அந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. பதுளையில் பெரிய கடை, வெலிமடையில் ஒன்று, தெமோதரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒன்று. மூன்றிலும் ஒரே விலை, ஒரே அளவு. மொஹிதீன் நானா சிடுமூஞ்சி. கொசுறு கேட்டால் கடிக்க வருவார், ஒரு கறிவேப்பிலை சும்மா போடமாட்டார்.

"நானா, ஒங்க கொத்த இந்த டின்னால அளந்து பாக்கணும்."

"வாங்க வந்தீங்களா, விசாரிக்க வந்தீங்களா?" என்று முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூட்டையில் ஒரு கொத்து கோலி, அவரே டின்னால் அளந்து காட்டினார். நாலு டின், ஒரு மணி குறையவில்லை. "புத்தகத்த தெமோதரைக் கடைக்கி மாத்துங்க. இதே அளவு கிடைக்கும். வேற ஒண்ணும் கிடையாது."

வேற என்ன வேண்டும்! வந்த களைப்பே தெரியாமல் திரும்பி நடந்தாள்.

அந்த வாரம் கொழுந்து மலையில் வேறு பேச்சே இல்லை. "பிடிய குடுத்து கொத்த திருடுறான்டி" என்று ஒவ்வொரு நிரையிலும் போய்ச் சொன்னாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த தனலெட்சுமிதான் முதலில் எழும்பினாள். மூன்று பிள்ளைகளோடு தாலியறுத்தவள் அவள். "அக்கா சொன்னா சரிதான். நான் வாறேன்" என்றாள். சனிக்கிழமை கடை வாசலிலேயே எல்லார் முன்னாலும் இராக்கம்மா டின்னால் அளந்து காட்டினாள். மூன்றேகால். இராமையா முகம் கறுத்துப்போனது. அடேயப்பா, அன்றைக்குப் பெண்டுகள் போட்ட சத்தம்! திங்கட்கிழமை துரையிடம் போய்ப் புத்தகங்களை வாங்கி மொஹிதீன் கடைக்கு மாற்றுவதென்று அங்கேயே முடிவாயிற்று.

ஞாயிறு மத்தியானம் மண்ணெண்ணெய்க்குப் போன இராக்கம்மாவை இராமையா உள்ளே கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"மகளுக்கு எப்ப நாளு?"

"வர்ற மாசம்ங்க."

"புத்தகம் மாத்துறதுன்னா சும்மாவா? இங்க வெட்டி, அங்க பதிஞ்சு ரெண்டு மாசமாவும். அதுவரைக்கும் இங்கயும் அரிசி இல்ல, அங்கயும் இல்ல. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். நன்றாகவே தெரியும். மகள் புத்தகம் மாறி வந்த மாதத்தை இராக்கம்மா மறக்கவில்லை.

"இனிமே ஒனக்கு நாலு டின்னு. நான் செத்தாலும் கொறையாது. ஒன் டின்னு பெருசுன்னு மட்டும் சொல்லிரு. டவுன்லயும் மூணேகால்தான் வந்துச்சுன்னு சொல்லிரு. டவுனுக்குப் போனது நீ ஒருத்திதானே, புள்ள?"

அன்றைக்கு அவள் மண்ணெண்ணெய் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் மகள் வாசலில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் தின்ற ரொட்டி.

திங்கட்கிழமை விடிய, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் பெண்டுகள் துரையைப் பார்க்கக் கூடி நின்றபோது இராக்கம்மா சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "டின்னு பெருசுங்கடி. பங்களா டின்னுல்ல. டவுன்லயும் மூணேகால்தான். நாந்தான் கூட்டிச் சொல்லிட்டேன்." ஒருத்தி காறித் துப்பினாள். "நல்ல மனுசன் பேர கெடுத்துட்டாளே" என்றாள் இன்னொருத்தி. தனலெட்சுமி மட்டும் திட்டவில்லை. "மக நெலமையில அக்காவுக்கு கண்ணு தடுமாறிப் போச்சு, விடுங்கடி" என்று சமாதானம் பேசினாள். அவளும் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இராமையா வாக்குத் தவறவில்லை. அடுத்த சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு இராக்கம்மாவுக்கு நாலு டின் கணக்கில் அளந்தார். மற்றவர்களுக்குப் பழையபடி கொத்து, பழையபடி ஒரு பிடி, அன்றைக்கு வெற்றிலை மூன்று. பாக்கியலெட்சுமி ஏழு நாளும் சோறு தின்றாள். முகத்தில் தெளிவு வந்தது.

வெள்ளிக்கிழமை பொழுதுபட தனலெட்சுமி சுளகோடு வந்து நின்றாள்.

"அக்கா, நேத்துலேருந்து ரொட்டிதான். சின்னவனுக்கு காய்ச்சல், கஞ்சி கேட்டு அழுவுறான். ஒரு டின்னு அரிசி கைமாத்தா குடுங்க. நாளைக்கி அளந்ததும் தந்துர்றேன்."

இராக்கம்மா எழும்பிப் பானைக்குள் கையை விட்டாள். டின்னை விளிம்பு வழியக் கோலிச் சுளகில் கொட்டினாள்.

"ஐயோ, என்னக்கா இது!" தனலெட்சுமி பதறிப்போனாள். "ஒங்க டின்னுதான் பெருசாச்சே. இம்புட்டு வாங்கிட்டு நாளைக்கி திருப்பித் தர நான் எங்க போவேன்? ஒங்க வீட்டுலயும் புள்ளத்தாச்சி இருக்கா."

சுளகிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி, சிந்தாமல், இராக்கம்மாவின் பானையில் திருப்பிப் போட்டாள்.