கட்டிக்கு விட்ட அரை இஞ்ச் லூஸ்

1

இந்தக் கதை என் இடுப்பு பருத்ததால் வந்தது. மறைப்பானேன்? பேன்ட்டைப் பிரித்துத் தைக்கப் போன இடத்தில் டெய்லர் டேப்பை என்னைச் சுற்றிப் போட்டார். டேப்பில் முப்பத்தாறு. நோட்டில் முப்பத்தாறரை என்று எழுதினார்.

"அரை எங்கேருந்து வந்துச்சு?"

"லூஸ் சார். உக்காந்தா பிடிக்கக் கூடாதுல்ல?"

எழுதக் கை தூக்கியபோது அரைக்கைச் சட்டை மேலேறியது. வலது புஜத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. என்னவென்று கேட்டேன்.

"அது பெரிய கதை சார். மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, அளவு தப்பாப் போயிரும்."

பெரிய கதை என்று ஒருவர் சொல்லிவிட்டால் எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா?

2

முதல் தொடக்கம்: "மனிதச் சதையின் இருண்ட ஆழத்தில் ஒரு மர்மம் மெல்ல மெல்ல..."

அதோடு நிறுத்திவிட்டேன். கடையில் வாசித்துக் காட்டியபோது, சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த டெய்லரின் மனைவி நிமிராமலே, "யாரு சார் செத்தது?" என்றார்.

இரண்டாம் தொடக்கம்: "கத்தரிக்கோல் பிடித்த அந்தக் கை அன்று முதன்முறையாக நடுங்கியது."

"நடுங்கலையே" என்றார் டெய்லர். "நடுங்கியிருந்தா துணி என்னத்துக்கு ஆகும்?"

மூன்றாவதை அவர்களே சொன்னார்கள். அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

3

டெய்லருக்குச் சட்டையின் வலது கை இறுக்கிப் பிடித்தது. தைத்தவர் அவரேதான், யாரைத் திட்டுவது? தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைத்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி பிடித்தது. மறுபடி பிரித்தார். துணி சுருங்குகிறது என்று துணிக்கடைக்காரரிடம் சண்டைக்கே கிளம்பிவிட்டார்.

"சுருங்கினா ரெண்டு கையும்ல சுருங்கணும்?" என்று மனைவி வழிமறித்தார். "வலது கை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? சட்டையைக் கழட்டுங்க, பாப்போம்."

தோலுக்கடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று. வலி இல்லை. ஆறு மாதமாக மனுஷன் ஒரு கட்டிக்கு ஆல்டரேஷன் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். ஸ்கேன் எடுக்க வேண்டும், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். "நாலு வாரத்துக்கு அப்புறம் தேதி கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் வாராவாரம் புஜத்தைச் சுத்தி அளந்து எழுதி வைங்க."

அளக்கச் சொன்னது யாரிடம், பாருங்கள்!

4

முதல் மூன்று வாரம் மனைவி அளந்தார். பதினொன்று. பதினொன்று. பதினொன்றேகால். நாலாவது வாரம் அவர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். டெய்லர் டேப்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் தானே அளந்தார். பதினொன்றேமுக்கால்.

நோட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஒரே வாரத்துல அரை இஞ்சா? இவ்வளவு வேகமா வளர்ந்தா... தசையையும் நிறைய எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுத்தா கத்தரி பிடிக்கலாமா டாக்டர்?"

டாக்டரம்மா பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். டெய்லர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலில் கத்தரிக்கோல் பதிந்த காய்ப்பு. முப்பது வருஷ வேலை அந்த விரலில் இருந்தது. கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

மனைவி நோட்டைப் பிடுங்கினார்.

"கடைசி வாரம் யாரு அளந்தது?"

"நான்தான்."

"எப்படி அளந்தீங்க?"

"எப்பவும் அளக்கிற மாதிரிதான்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "எப்பவும் போலன்னா அரை இஞ்ச் லூஸ் சேர்த்துத்தானே எழுதுவீங்க! கட்டிக்கா சட்டை தைக்கிறீங்க?"

டாக்டரம்மா போனை வைத்தார். டேப்பை வாங்கித் தானே அளந்தார். பதினொன்றேகால். பிறகு மேஜைக்கடியில் பேனாவைத் தேடுவதுபோல் வெகுநேரம் குனிந்திருந்தார்.

5

(இந்த இடத்தில் மருத்துவம் கொஞ்சம் வரும். பயப்படாதீர்கள்.) சோதனையில் வந்த பெயர், மென்திசுவில் தோன்றும் இராட்சத செல் கட்டி.* அபூர்வமானது, பெரும்பாலும் ஆளைக் கொல்லாதது. முழுசாக வெட்டி எடுத்தார்கள். கை பிழைத்தது.

* நல்ல செல்லுக்கு ஓர் உட்கரு போதும். இந்த இராட்சத செல்லில் இருபது முப்பது, ஒரே வீட்டில் பங்காளிகள் எல்லாரும் குடியிருப்பதுபோல. இந்த வகைக் கட்டி வழக்கமாக எலும்பில்தான் வருமாம். "எலும்புல வர வேண்டியது சதையில வந்திருக்கா? இவருக்கு எது ஒழுங்கா வந்துச்சு, இது வர" என்றார் மனைவி.

முடிவு அ: கை போய்விடுகிறது, டெய்லர் இடது கையால்... ("உங்க கதைக்கு எங்க வீட்டுக்காரர் கையா கிடைச்சுது?" என்றார் மனைவி. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: கட்டி இனி வரவே வராது. இதை டாக்டரம்மா சொல்லவில்லை. அவர் சொன்னது: "சிலருக்கு அதே இடத்துல திரும்ப வரும். அளந்துக்கிட்டே இருங்க. அம்மா, நீங்க அளங்க."

6

தைக்கக் கொடுத்த பேன்ட்டைத் திரும்ப வாங்கப் போனேன். டெய்லர் சட்டைக்கையைத் தோள்வரை ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். மனைவியின் விரல் தழும்புக்குக் கீழே நின்றிருந்தது.

"இங்க என்னமோ தட்டுப்படுதுங்க."

"தழும்புதாம்மா தடிச்சிருக்கும்."

"நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போறோம். அதுக்கு முன்னாடி அளந்துடுவோம்."

போன மாதக் கணக்கு பத்தரை. மனைவி டேப்பைச் சுற்றினார், எண்ணைப் படிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது. டெய்லர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"சார், நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றார் மனைவி. "எனக்குப் பயமா இருக்கு."

குனிந்தேன். பார்த்துவிட்டேன். ஆனால் நான் சொல்லி நீங்கள் எப்படி நம்புவீர்கள்? முதல் பகுதியில் விரல் நீளம் என்று எழுதினேனே, அந்தத் தழும்பு உண்மையில் பாதி விரல்தான். சும்மா, கதை இறுக்கிப் பிடிக்காமல் இருக்கட்டுமே என்று கொஞ்சம் லூஸ் விட்டேன்.

ஆகவே நான் நகர்ந்துகொள்கிறேன். இப்படிக் கிட்டே வாருங்கள். மனைவி டேப்பை இறுக்காமல், தளர்த்தாமல் பிடித்திருக்கிறார். டெய்லர் திரும்பிப் பார்க்காமலே உங்களிடம் சொல்கிறார்:

"உள்ளதை மட்டும் சொல்லுங்க. லூஸ் வேணாம்."