பாண்டி ஆடிய மஞ்சள் வீடு

வெளிநாடு வந்து பால் காய்ச்சிக் குடிபோன மறுநாளிலிருந்து அந்த மஞ்சள் வீடு கோகிலவாணியின் பின்னாலேயே வரத் தொடங்கியது. மரவீடு, இரண்டே அறை, சின்னதுதான். அவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காய்கறி வாங்கப் போனால் பத்தடி தள்ளி அதுவும் இரண்டு காலில் நடந்து வரும். கடை வாசலில் நிற்கும். திரும்பிப் பார்த்தால் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொள்ளும்.

வீட்டுக்காரர் வந்தார். வாடகை ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தைக் காட்டினார். வீட்டுக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருந்தது. வாணியின் கணவன் மயில்சாமி ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தான். நம் ஆட்களில் யார்தான் படிக்கிறார்கள்?

"எங்க வழக்கமுங்க. புது வீட்ல பால் பொங்கி வழியோணும்," என்றாள் வாணி.

"எந்தப் பக்கம் வழிந்தது?"

"கிழக்குங்க."

அவர் குறித்துக்கொண்டார். "முப்பது வருஷமாக என் வீடு. என் பின்னால் தெருமுனைவரைகூட வந்ததில்லை," என்றார். பொறாமைதான், வேறென்ன. போகும்போது கதவைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாம் பழகிவிட்டது. வீடு நடக்கும்போது தளும்பும் என்பதால் சாம்பாரைப் பாதிப் பாத்திரத்துக்கு மேல் வைப்பதில்லை. வேலை முடிந்ததும் மயில்சாமி போன் செய்வான். "வாணி, வீடு இப்ப எங்க நிக்குது? அதுக்குத் தக்கன பஸ் ஏறோணும்." லைப்ரரிகிட்ட என்பாள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு எதிரில் என்பாள். அவனும் வந்து சேர்ந்துவிடுவான்.

வாணிக்குக் கவலை வீடு அல்ல, மூத்தவள் சம்யுக்தா. நாலு வயது. கோபிச்செட்டிபாளையத்தில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரை நிறுத்திவைத்துக் கதை சொன்ன பிள்ளை. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரரைக் கண்மூட விடவில்லை. அவள் இங்கே பாலர் பள்ளியில் ஐந்து வாரமாக வாயையே திறக்கவில்லை. இப்போது வீட்டிலும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஊரில் எத்தனை தடவை "செத்த வாய மூடு சாமி" என்று சொல்லியிருப்போம் என்று வாணி தன்னையே திட்டிக்கொண்டாள். இந்த நாட்டுக்கு வந்ததே தப்போ என்றுகூடத் தோன்றியது.

ஆசிரியை நல்ல மாதிரிதான். "வெள்ளிக்கிழமைவரை பார்ப்போம். அப்போதும் பேசாவிட்டால் ஒரு வருஷம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம்," என்றார். ஒரு வருஷம் வாயடைத்து இருந்தால் பிள்ளை என்னத்துக்கு ஆகும்? வாணிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கு முந்தின திருப்பத்தில் வீட்டைப் பார்த்து "இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்றைக்கு அவள் மனசு பூராவும் பிள்ளைமேல் இருந்தது, சொல்ல மறந்துவிட்டாள். வீடு நேரே மைதானத்துக்குள் வந்து நின்றது.

பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் சுவரில் பெயிண்டை நகத்தால் சுரண்டினான். ஒருத்தி ஜன்னலைத் திறந்து தலையை விட்டாள். வீடு பின்னால் நகர்ந்து நகர்ந்து வேலியோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே ஏதோ டம்ளர் உருண்டது.

சம்யுக்தா அம்மாவின் கையை விட்டாள். ஓடிப்போய் வீட்டின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். அந்த ஊர்ப் பாஷையிலேயே, கடகடவென்று பேசினாள்.

"இது எங்க வீடு. அதுக்குக் கூச்சம் சாஸ்தி. எல்லாரும் ஒரேயடியா மேல வந்து விழாதீங்க. இந்த இடம் அதுக்குப் புதுசு, யாரையும் தெரியாது. ஒவ்வொருத்தரா வந்து பேர் சொல்லுங்க. அப்புறம் தொடலாம்."

பிள்ளைகள் வரிசையில் வந்து பேர் சொன்னார்கள். சம்யுக்தா ஒவ்வொரு பேரையும் வீட்டிடம் திருப்பிச் சொன்னாள். பாதிதான் வாணிக்குப் புரிந்தது. ஆனாலும் அழுகை அடக்க முடியாமல் வந்தது. ஜாக்கெட் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து சம்யுக்தாவின் பேருக்குக் கீழே வீட்டையும் எழுதினார். வயது கேட்டார்.

"நூத்திப் பத்துன்னு ஒப்பந்தத்துல போட்டிருந்துதுங்க," என்றாள் வாணி.

"பரவாயில்லை, வகுப்பில் இடம் இருக்கிறது," என்றார் ஆசிரியை.

மூன்று மணிக்கு வாணி கூட்டிப்போக வந்தபோது மைதானத்தில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டிருந்தது. சம்யுக்தா மூச்சுவிடாமல் எல்லாருக்கும் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மா, இன்னும் ஒரே ஒரு ஆட்டம்," என்றாள். வாணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வீடு ஒற்றைக்காலில் மூன்று கட்டம் தாண்டியது. நாலாவதில் தடுமாறி மற்றக் காலைக் கோட்டின் மேல் ஊன்றிவிட்டது.

"கோட்ட மிதிச்சுட்ட, அவுட்டு," என்றாள் சம்யுக்தா.

வீடு போய், பெயிண்டைச் சுரண்டினானே அந்தப் பையனுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டது.