ஆனி முடிவதற்குள் ஒரு முகூர்த்தம்

சுனாமி வந்த மறு வருஷம், ஆனி மாசம். உப்பளத்தில் உப்பு வாரி முடித்துக் கால் கழுவும்போதும் மலர்கொடிக்கு அதே நினைப்புதான். அவள் அத்தை மகன் சரத்குமார் சிங்கப்பூரில் சங்கீதா என்ற ஒருத்தியைக் கட்டி, அங்கேயே விவாகரத்தும் வாங்கி வந்தவன். வைகாசியில்தான் தீர்ப்பாம். ஆனி முடிவதற்குள் இவளைக் கட்ட நாள் குறித்துவிட்டான்.

மலர்கொடியும் கோர்ட்டுக்குப் போய் மீண்டவள்தான். ஒரு வருஷம் புருஷனைப் பிரிந்திருந்து, இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டும், ஆறு மாசம் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அது கழிந்த பிறகுதான் விவாகரத்து கிடைத்தது.

"உனக்கு மட்டும் எப்படி மாமா உடனே முடிஞ்சிது?"

"தீர்ப்புக்கு அப்புறம் அங்க மூணு மாசம் காத்திருந்தாப் போதும் மலரு. அதுவும் சும்மா பேருக்கு."

"எங்களுக்கு ஆறு, உனக்கு மூணா? யார் காதுல பூ சுத்தற?"

அவனுக்குச் சுருக்கென்றது. "கல்யாணமாகி மூணு வருஷம் ஆவாம அங்க கேஸே போட முடியாது. உனக்கு ரெண்டரை வருஷத்துல மொத்தமும் முடிஞ்சிருக்குது. உன் வக்கீல் என்னா தில்லுமுல்லு பண்ணாரோ."

ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் கள்ளநோட்டு மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கல்யாணம் எங்கே நடக்கும், சொல்லுங்கள்.

"சங்கீதாவோட நம்பர் குடு," என்றாள்.

மரக்காணம் கடைத்தெரு போன் பூத்தில் அவனைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவளே பேசினாள். எடுத்தது அந்தச் சங்கீதாதான்.

"நீங்க கட்டிக்கப் போறவங்களா? மூணு மாசம் ஆகஸ்ட் கடைசியிலதான் முடியுது. அப்புறம் இறுதி உத்தரவு வாங்கணும். அதுவரைக்கும் சட்டப்படி நான்தான் மனைவி. அவர்கிட்ட சொன்னேனே."

மலர்கொடி போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். மூணு மாசம் நிஜம். பேருக்கு என்றதுதான் பொய்.

"ஆடி பொறந்துட்டா கல்யாணம் பண்ண முடியாது," அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "ஆவணி வரைக்கும் விட்டா நீ மனசு மாறிடுவியோன்னு..."

"மாறினா மாறட்டும். செல்லாத தாலியக் கட்டிக்கினு நான் யார்கிட்டப் போய் நிக்கறது?"

அவன் பூத்துக்காரரிடம் போனுக்கான காசைக் கொடுத்தான்.

"அந்தக் கடைசிப் பேப்பரோட வா. அதையும் அவங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் நாள் பாப்பேன்."

"அவ்ளோ சந்தேகமா?"

"ஆமாம்."

ஷேர் ஆட்டோ வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவன் தயங்கி நின்றான்.

"ஏறு மாமா. வீட்டுக்குப் போறதுக்கு எந்தக் கோர்ட்டும் தடை போடல," என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.