கையோடு வந்த சாவிக்கொத்து

மதியச் சாப்பாட்டுக்கான கூப்பனைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டபோதுதான் கொத்தம்மாவின் விரலில் அது தட்டுப்பட்டது. எடுத்துப் பார்க்கவே வேண்டியதில்லை. பதினோரு வருடமாக அந்தப் பையில் கிடந்த சாமான், தொட்டாலே தெரியும். ஆனாலும் எடுத்துப் பார்த்தாள். பித்தளை வளையத்தில் பத்தொன்பது சாவி. தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தது ஸ்டோர் ரூம் சாவி. விமானமேறி, கடல் தாண்டி, இரண்டு நாளாக அவள் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. விமான நிலையத்தில் பையைத் துழாவிப் பார்த்தவனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இங்கே மணி ஒன்று. ஊரில் காலை எட்டரை. ஒன்பதுக்கு அங்கே வெல்டிங் பிரிவின் இறுதிச் செய்முறைத் தேர்வு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்கள் பற்றவைக்க வேண்டிய இரும்புத் தகடு, ராடு, முகமூடி, கையுறை எல்லாம் ஸ்டோர் ரூமுக்குள். ஸ்டோர் ரூமின் சாவி இங்கே, யாரோ ஒருவருடைய சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில். இன்றைக்கு விட்டால் தேர்வு வாரியம் அடுத்த தேதி கொடுக்க ஆறு மாதம் ஆகும். அதற்குள் பாதிப் பேருக்குக் கைக்கு வந்த வேலை போய்விடும். அதில் ஒருத்தி போன வாரம்தான் வேலைக்கான கடிதத்தைக் கொண்டுவந்து காட்டி, வாய் நிறையச் சிரித்துவிட்டுப் போனாள்.

கொத்தம்மா என்பது பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். தொழிற்பயிற்சிக் கல்லூரியின் பொறுப்பு முதல்வர் அவள். வெல்டிங் வாத்தியாராகச் சேர்ந்து மேலே வந்தவள். அவள் வருவதற்கு முன்னால் சாவிச் சத்தம் வரும், அதற்குள் எல்லாரும் ஒழுங்காகிவிடுவார்கள். காலையில் அத்தனை அறையையும் அவள்தான் திறப்பாள், மாலையில் அவள்தான் பூட்டுவாள். தலைவலி, காய்ச்சல் என்றால்கூட ஆட்டோ பிடித்து வந்து திறந்துவிட்டுப் போய்ப் படுப்பாள். அப்படி ஒரு ஆளை இரண்டு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பியதே பெரிய காரியம். இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் மற்றக் கல்லூரிக்குப் போய், அங்கே இருக்கிற முதல்வர் பின்னாலேயே நடந்து, அவர் எப்படி நடத்துகிறார் என்று பார்க்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: அந்த இரண்டு வாரமும் சொந்தக் கல்லூரிக்குப் போன் பண்ணவோ அங்கிருந்து போன் வரவோ கூடாது. நீங்கள் இல்லாமல் அது நடக்கிறதா என்று பார்ப்பதும் பயிற்சியில் பாதி என்று தாளில் போட்டிருந்தார்கள். அவளும் துணை முதல்வரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சாவியை ஒப்படைக்காமலா வந்தாள்? ஒப்படைத்தாள், விமரிசையாகவே. பதினோரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, கொத்தைத் துணை முதல்வரின் கையில் வைத்து, எல்லாரும் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். துணை முதல்வர் வயரிங் வாத்தியார். ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம், அவ்வளவு நிதானம். அன்று சாயங்காலம் கிளம்பும்போது, எதற்கும் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்போமே என்று அவர் மேஜையிலிருந்து கொத்தை எடுத்தாள். ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்தாள், பூட்டினாள், தன் அறையையும் பூட்டினாள். அப்புறம் கை பழக்கத்தில் என்ன செய்யுமோ அதைச் செய்துவிட்டது.

நிபந்தனையாவது ஒன்றாவது. வராந்தாவுக்கு ஓடிப்போய்த் துணை முதல்வருக்குப் போன் அடித்தாள். அணைத்து வைத்திருந்தது. தேர்வு நாளில் போனையெல்லாம் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், அது வாரியத்தின் விதி. கல்லூரித் தொலைபேசிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எட்டாவது மணியில்தான் உறைத்தது, அந்தத் தொலைபேசி இருப்பது அவள் அறையில், அவள் பூட்டிவிட்டு வந்த அறையில். தலையில் அடித்துக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, கொத்து என்கிட்டயே இருக்குங்க."

"எங்க?"

"இங்க. என் கையில."

"மாத்துச் சாவி?"

"என் மேஜை டிராயர்ல."

"டிராயர் சாவி?"

அவள் கொத்திலிருந்த குட்டிச் சாவியைத் திருப்பிப் பார்த்தாள்.

"கொத்துலதான் இருக்குன்னு சொல்லு. ரொம்பப் பத்திரமாத்தான் வெச்சிருக்கே," என்றார். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர், எதற்கும் பதறாத ஜாதி. "வண்டிய எடுக்கறேன். போயிப் பாத்துட்டுச் சொல்றேன். நீ போய்ச் சாப்பிடு."

எங்கே சாப்பிடுவது. வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அந்தக் கல்லூரியின் முதல்வர் கையில் இரண்டு டீயோடு வந்தார். முதல்வராவதற்கு முன்னால் ரொட்டி சுடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவராம். காலையிலிருந்து அவரைப் பார்த்து அவளுக்கு ஒரே எரிச்சல். அறைக்கதவைச் சாத்துவதில்லை. கூட்டத்தை உதவியாளர் நடத்துகிறார், இவர் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டுகிறார். உங்கள் ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டதற்கு, யாரிடமாவது இருக்கும் என்றார். இவரெல்லாம் ஒரு முதல்வர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது வேறு ஆள் இல்லை. கொத்தைத் தூக்கிக் காட்டி, தெரிந்த மொழியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் கொத்தைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். "அங்க இப்ப யார் யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார்.

"வயரிங், வெல்டிங், ஃபிட்டர், தச்சு. எல்லா வாத்தியாரும்தான் இருக்காங்க."

"அப்படியா," என்றார். டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கி அவள் பக்கம் நகர்த்தினார். அந்த 'அப்படியா'வில் என்ன இருந்தது என்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. ஊரில் ஒன்பது தாண்டியது. ஒன்பது ஐந்து. தேர்வு அதிகாரி கோப்பை மூடிக்கொண்டு எழுந்து போவதும், அந்தப் பெண் கடிதத்தை மடித்து வைப்பதும் கண்முன்னால் வந்து வந்து போயின. இதற்குத்தானா இத்தனை வருடம் காவல் காத்தேன் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பது பத்துக்குப் போன் அடித்தது.

"வாட்ச்மேன் உள்ள விடமாட்டேங்கறான். பரீட்சை நடக்குதாம்," என்றார் கணவர்.

"என்ன நடக்குதாம்?"

"பரீட்சைடி. நான் சுத்திப் போயி ஜன்னல் வழியாப் பாத்தேன். எல்லாம் முகமூடிய மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு கெடக்குதுங்க. பொறி பறக்குது. கேளு."

போனைத் தூக்கிப் பிடித்திருப்பார் போல. கடல் தாண்டி வந்தது அந்தச் சத்தம். சர்ரென்று ராடு பற்றும் சத்தம், ஒன்றல்ல, வரிசையாகப் பல. இருபத்தேழு வருடமாக அவள் காதில் விழுந்துகொண்டிருக்கிற சத்தம். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்டோர எப்படித் தெறந்தாங்களாம்? பூட்ட ஒடச்சாங்களா?"

"வாட்ச்மேன் சொல்றான், பூட்டு பூட்டினபடியே தொங்குதாம். கதவுதான் கீல் பக்கமாத் தெறந்திருக்காம். கீல்ல இருந்த பின்ன, அந்தக் கம்பிய, உருவிட்டாங்களாம். அஞ்சு நிமிஷ வேலையாம்."

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும் என்று கீலை வெளியே வைத்துப் பற்றவைத்தவள் அவளேதான். சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது, இரண்டையும் சேர்த்து முந்தானையால் துடைத்தாள். பக்கத்தில் நின்ற மனிதர் என்ன ஏது என்று கேட்காமல் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு வேறு வாங்கப் போனார். அன்றைக்கு அவள் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். மிச்சமிருந்த நாட்களில் ஊருக்குப் போன் பண்ணவில்லை. பண்ணத் தோன்றவுமில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம். கூட்டங்களில் அந்த முதல்வருக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்து, அவரைப் போலவே தலையாட்டிப் பார்த்தாள். முதல் நாள் கழுத்து வலித்தது, அப்புறம் பழகிவிட்டது.

திரும்பி வந்த அன்று காலை எட்டுக்கெல்லாம் கல்லூரியில் இருந்தாள். வாசலில் துணை முதல்வர் நின்றிருந்தார். முப்பத்தெட்டுப் பேரும் பாஸ் என்று சொல்ல அவருக்கு அரை நிமிடம் பிடித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. இரண்டு பேரும் ஸ்டோர் ரூமுக்கு நடந்தார்கள். கதவு பழையபடி பொருந்தியிருந்தது, பூட்டு தொங்கியது. அவர் வழக்கம்போல் ஒதுங்கி நின்று சாவிக்காகக் காத்திருந்தார்.

அவள் கொத்தை எடுக்கவில்லை. குனிந்து கீழ்க் கீலைப் பார்த்தாள். பின்னின் தலையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். தட்டாமல், நெம்பாமல், அப்படியே வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. பின் முழுக்க கிரீஸ். புதுசு இல்லை, கறுத்துப்போன, பல காலம் மேலே மேலே பூசிய கிரீஸ்.

துணை முதல்வர் கூரையைப் பார்த்தார்.

"எத்தன வருஷமா?" என்றாள்.

"பொண்ணு கல்யாணத்துக்கு லீவு போட்டீங்களே மேடம், அப்பலேர்ந்து."

"அது ஏழு வருஷமாச்சே."

"ஆமா மேடம். நீங்க போர்டு மீட்டிங் போற நாள்லயும் உண்டு. ஒரு ராடு காணாமப் போனதில்ல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் நிதானமாக யோசித்தார். "சொல்லியிருந்தா இந்தப் பின்ன வெல்டு வெச்சு அடைச்சிருப்பீங்க."

அடைத்திருப்பாள்தான். அன்றைக்கே, சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல், தன் கையாலேயே. நெஞ்சில் சுருக்கென்று ஒன்று குத்தியது. குத்திய இடத்திலேயே ஏதோ பாரத்தை இறக்கி வைத்தது போலவும் இருந்தது. கட்டைவிரலில் ஒட்டிய கிரீஸைப் பார்த்தாள். துடைக்க மனம் வரவில்லை.

"மேல் பின்ன உருவுங்க," என்றாள். "நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கறேன்."

அவர் உருவினார். இரண்டு பேரும் தம் பிடித்துக் கதவை நகர்த்த, அது கீல் இருந்த பக்கமாக விலகி, பூட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பியது. காலை வெயில் இரும்புத் தகடுகளின் மேல் விழுந்தது. பூட்டு, பூட்டியபடியே, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.